அளந்துவிட்டேன்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வழக்கமான கூத்து. வண்டிச் சாவியைக் காணோம். வீட்டம்மா செருப்பு மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நான் சோபா மெத்தையைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் சாவி நேற்று கழற்றிப் போட்ட சட்டைப் பையில். அதற்குள் அவள் அக்கா போனில், "இன்னும் கிளம்பலையா? உனக்கு எப்பவும் லேட்டுதான்" என்று சிரித்தாகிவிட்டது. வண்டியில் ஏறியதும் என்னைப் பார்த்து, "ரெடியாகி நிக்கிறவ நான். லேட்டுங்கற பேரும் எனக்கா?" என்றாள். நியாயம்தான். ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன்.

அலுவலகத்தில் சிமுலேட்டர் மறுபடி சொதப்பல். துறைமுகக் கிரேன் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு நாங்கள் செய்து கொடுக்கிற சாதனம் அது. நிஜமான இருக்கை, நிஜமான பிடிகள், எதிரே பெரிய திரைகளில் நாங்கள் வரைகிற துறைமுகம். அந்தத் துறைமுகத்தின் கடல் நான் எழுதியது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் முதலில் கடலைத்தான் பார்ப்பார்கள். ஆனால் இப்போது படம் விட்டுவிட்டு ஓடுகிறது. சோதித்துப் பார்க்க வந்த கிரேன் ஓட்டுநர் பாதியில் இறங்கிவிட்டார். "நிஜ கிரேன்ல காத்துல ஆடிக்கிட்டே சாப்பிட்டிருக்கேன். இதுல உக்காந்தா குமட்டுது" என்றார்.

மேலாளர் எல்லாரையும் கூட்டி, "யார் பக்கம் பிரச்சினை?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "பதிவுப் பகுதி" என்றேன். திரையில் ஓடுவதை அப்படியே சேமித்து, பயிற்சி முடிந்தபின் போட்டுக் காட்டும் பகுதி அது. எழுதியவள் நிதானம். அந்தப் பட்டப்பெயர் நான் வைத்தது. எதைக் கேட்டாலும் "நிதானமா பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்பாள். சேர்ந்து சில மாதம்தான், இந்த மாதக் கடைசியில்தான் வேலை நிரந்தரமா இல்லையா என்று முடிவு செய்வார்கள்.

அவள் கேட்டாள்: "அளந்து பாத்தீங்களா, சார்?"

திமிராகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. இத்தனை வருஷ அனுபவம், என்னைப் பார்த்து இந்தக் கேள்வியா?

"அளந்துட்டேன்மா. டூல் வெச்சே அளந்துட்டேன். உன் பக்கம்தான்."

டூல் வைத்து அளக்கவில்லை. நடுவில் ஒரு கடிகாரத்தைப் போட்டு நாலு வரி எழுதிப் பார்த்தேன், பதிவு நடக்கிற இடத்தில் நேரம் எகிறியது. அவ்வளவுதான் என் அளவு. கிராஃபிக்ஸ் கார்டுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டுகிற டூல் இந்தப் புது டெஸ்க்டாப்பில் ஏற்றப்படவே இல்லை. ஏற்ற வேண்டும், ஏற்ற வேண்டும் என்று கிடக்கிறது. மாலையில் மேலாளர் எழுத்தில் கேட்டார். ஒரே வரியில் அனுப்பினேன்: பதிவுப் பகுதிதான் தாமதம், அளந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

கடிகாரம் போட்டுப் பார்த்ததும் அளவுதானே? இதில் பொய் எங்கே வந்தது?

மார்ச் 6, வியாழன்

வந்துவிட்டது வினை. நிதானத்திடமிருந்து மெயில்: "சார், டூல்ல எடுத்த கோப்பை அனுப்ப முடியுமா? எந்த இடத்துல இழுக்குதுன்னு பாத்தா அதை மட்டும் மாத்தி எழுதிடுவேன். நானும் கத்துக்கிட்ட மாதிரி இருக்கும்."

"கோப்பு பெரிது, நாளை அனுப்புகிறேன்" என்று பதில் போட்டேன். ஒரு பொய்க்கு இன்னொன்று துணைக்கு வந்துவிட்டது.

சரி, இன்றே ஏற்றி, அளந்து, கோப்பை எடுத்து அனுப்பிவிட்டால் தீர்ந்தது. பொய் உண்மையாகிவிடும். டூலை இறக்கி இன்ஸ்டால் கொடுத்தேன். பாதியில் நின்றது, இந்த டிரைவர் பழையது, புதியதை ஏற்று என்று. டிரைவர்தான் கார்டுக்கும் கணினிக்கும் நடுவில் பேசுகிற மென்பொருள். அது பல மாதமாகத் திரை மூலையில் "புதுப்பிக்கவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "இப்போது", "பிறகு" என்று இரண்டு பொத்தான். நான் எப்போதும் "பிறகு". கை தானாகவே போய் அழுத்தும், என்ன கேட்கிறது என்றுகூடப் படிக்க மாட்டேன்.

இன்று "இப்போது". பாதி மத்தியானம் அதற்கே போயிற்று.

மார்ச் 7, வெள்ளி

டிரைவர் ஏறி, ரீஸ்டார்ட் ஆகி வந்தால் திரையில் எழுத்தெல்லாம் பூதம்பூதமாகத் தெரிகிறது. இரண்டாவது திரை கறுப்பு. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், கண்ணாடி மாத்தணுமா?" என்றார். சிரித்து வைத்தேன். பழைய டிரைவரின் மிச்சம் மீதி உள்ளே கிடந்து மல்லுக்கு நிற்கிறது. அதைத் தோண்டி எடுத்துப் போட்டு, புதியதை முதலிலிருந்து ஏற்றியதும் திரை ஒழுங்குக்கு வந்தது. டூலும் ஏறியது. ஓட்டினால், கார்டின் அளவீடுகளைப் படிக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்கிறது!

அனுமதி கொடுக்க வேண்டியவர் கணினிப் பராமரிப்புக்காரர். எல்லாப் பாஸ்வேர்டும் அவரிடம், அதனால் அவருக்கு 'சாவி' என்று பெயர். அவரைக் கூப்பிட்டால் விஷயம் ஊருக்கே தெரியும், அவர் குரல் அப்படி. திங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

நிதானம் என் இடத்தைத் தாண்டிப் போகும்போது "கோப்பு, சார்?" என்றாள். போனைக் காதில் வைத்துக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை.

மார்ச் 10, திங்கள்

சாவியைக் கூப்பிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். மனுஷன் நடு ஹாலில் நின்று, "அடேங்கப்பா! இந்த டூல் இல்லாமலா இவ்ளோ நாள் ஓட்டினீங்க?" என்றார்.

"ஏம்பா, கொஞ்சம் மெதுவா."

"இல்ல சார், போன வாரம் மீட்டிங்ல டூல் வெச்சு அளந்ததா பேசிக்கிட்டாங்களே…"

"அது வேற மெஷின்."

மூன்றாவது பொய். சாவி ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாஸ்வேர்டைத் தட்டிவிட்டுப் போனார். நிதானம் ஹெட்போனில் இருந்தாள். கேட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். கேட்டிருக்கக் கூடாது.

மத்தியானம் மேலாளர் முடிவைச் சொல்லிவிட்டார். வாடிக்கையாளரிடம் கொடுக்கப் போகும் பதிப்பில் பதிவுப் பகுதி கிடையாது, எடுத்துவிடுங்கள் என்று. அவள் வந்ததிலிருந்து செய்த ஒரே வேலை அது. "சரி சார்" என்று மட்டும் சொன்னாள். சனிக்கிழமையும் வந்து உட்கார்ந்து திருப்பி எழுதியிருக்கிறாள், வேகமாக வருமா என்று பார்க்க.

மார்ச் 11, செவ்வாய்

டூல் வேலை செய்கிறது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

பதிவுப் பகுதி இன்னும் இருக்கிற பழைய பதிப்பைத்தான் ஓட்டி அளந்தேன். டூலில் ஒவ்வொரு வேலையும் ஒரு பட்டையாக வரும், நீளமான பட்டை அதிக நேரம். நிதானத்தின் பட்டையைத் தேடினேன். காணோம். பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு ஓரத்தில் நூல் மாதிரி ஒன்று. அதுதான் அவளுடையது. திரையை அடைத்துக்கொண்டு கிடந்த பட்டையில் நானே வைத்த பெயர் இருந்தது: கடல்.

ஒன்றல்ல, இரண்டு கடல். முதல் கடல் கண்ணுக்குத் தெரிவது. இரண்டாவது? அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். முன்பு கிரேன் கூண்டின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தோம், அதில் கடல் நிழலாடும். வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொன்னதால் ஜன்னலை எடுத்தாயிற்று. ஜன்னலுக்குள் தெரிகிற கடலை எடுக்க நான் மறந்திருக்கிறேன். இல்லாத ஜன்னலுக்கு, யாரும் பார்க்காத ஒரு கடல், ஒவ்வொரு நொடியும் வரைந்து வரைந்து கொட்டிக்கொண்டிருக்கிறது.

என் கடிகாரம் ஏன் அவளைக் காட்டியது? வெட்கக்கேடு, அதையும் எழுதுகிறேன். கார்டிடம் 'வரை' என்று சொன்னால் கணினி நிற்காது. சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். வரைந்து முடித்த படத்தை யார் கையில் கொடு என்று கேட்கிறார்களோ, அவர்கள்தான் அது முடிகிற வரை நிற்க வேண்டும். பதிவுப் பகுதி கேட்கிறது. நிற்கிறது. என் கடல் இரண்டு தடவை வரைந்து முடிகிற வரை நிற்கிறது. அந்த நிற்கிற நேரத்தை எல்லாம் என் கடிகாரம் அவள் கணக்கில் ஏற்றிவிட்டது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் எடுக்கிற முதல் வகுப்பே இதுதான். "நிக்கிற இடத்தைப் பாத்து ஏமாந்துடாதீங்க, நிக்க வெச்சது யாருன்னு பாருங்க." நான் சொல்வேன், எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் அந்த வகுப்பில் முன்வரிசையில் இருந்தாள். டூல் வைத்து அளந்தேன் என்று நான் சொன்னதால்தான் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

நேற்றுவரை அனுப்பக் கோப்பு இல்லை. இன்று இருக்கிறது, எப்படி அனுப்புவது?

மார்ச் 12, புதன்

இரண்டாவது கடலை எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு வரி, அதை நீக்கினால் போதும். மேலாளர் சொன்னபடி பதிவை எடுத்த பதிப்பு இன்று போகிறது, அதிலேயே இதையும் சேர்த்துவிட்டேன். படம் ஒழுங்காக ஓடும். ஓடிய பிறகு, "நான் கடலையும் கொஞ்சம் சரிசெய்தேன், பதிவைத் திரும்பச் சேர்த்துப் பார்க்கலாமே" என்று பேச்சுவாக்கில் சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் நோகாது.

எனக்கு நோகாது என்று எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

கிரேன் ஓட்டுநர் வந்து உட்கார்ந்தார். இறங்கவே மாட்டேன் என்றார். "இது சரி, இது சரி" என்று பெட்டி பெட்டியாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மேலாளருக்கு வாயெல்லாம் பல். எல்லார் முன்னாடியும் என் தோளைத் தட்டி, "கடல்காரர் சொன்னது கரெக்ட். பதிவை எடுத்ததும் எப்படி ஓடுது பாருங்க!" என்றார்.

தலையில் இடி. இதை நான் யோசிக்கவே இல்லை. பதிவை எடுத்ததும் கடலைத் திருத்தியதும் ஒரே பதிப்பில். திருட்டுத்தனமாகச் செய்த திருத்தமே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சீ.

அவளும் தட்டினாள்.

மார்ச் 14, வெள்ளி

சாப்பிடும்போது வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கார்டும் தெரியாது, டூலும் தெரியாது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். நான் அனுப்பிய மெயிலைப் போனில் காட்டினேன். வாசித்தாள்: "பதிவுப் பகுதிதான் தாமதம், அளந்துவிட்டேன்." சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு?"

"உண்மையைத்தானே எழுதியிருக்கீங்க. நல்லா அளந்து விட்டிருக்கீங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. அவளுக்கும் முகம் மாறியது. "அந்தப் பொண்ணு வேலை என்ன ஆகும்?" என்றாள். தெரியாது என்றேன். "தெரியாதா, தெரிஞ்சுக்கலையா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்த வீட்டில் கோபத்தில் கத்துகிறவன் நான்தான். அவள் கத்தாமல் போனால் தாங்க முடிவதில்லை.

மார்ச் 17, திங்கள்

மேலாளர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன், கடலில்தான் பிழை, என் பிழை, பதிவுப் பகுதி சுத்தம் என்று. அவர் பேனாவை உருட்டினார்.

"இப்ப எதுக்கு சார் கிளறணும்? வாடிக்கையாளர் சந்தோஷமா இருக்காரு."

"அந்தப் பொண்ணு…"

"அது வேற. மத்தவங்ககிட்டயும் கேட்டுத்தான் முடிவு பண்ணியிருக்கோம்."

"முடிவு பண்ணியாச்சா?"

"வெள்ளிக்கிழமையே சொல்லியாச்சு. மாசக் கடைசியோட சரி."

மத்தவங்க என்றால் யார்? எல்லாருக்கும் மெயில் நகல் போயிருக்கிறது. எல்லாரும் என் வரியைப் படித்துவிட்டுத்தான் பேசியிருப்பார்கள். கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று, இனி அவர் பாடு என்று ஒரு நிம்மதிகூட வந்தது. எவ்வளவு கேவலம்! சாத்திய கதவுக்குள் சொன்னதை யார் கேட்டது?

மார்ச் 18, செவ்வாய்

தலைவலி என்று லீவு போட்டேன். தலைவலி இல்லை.

மார்ச் 19, புதன்

அவள் என் இடத்துக்கு வந்தாள். பதிவுப் பகுதியை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள், யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டாள். என்னிடமே கொடு என்றேன். ஒவ்வொரு பகுதியாக, நிதானமாக, விளக்கினாள். சுத்தமான எழுத்து. நான் பார்த்திருக்கிறேனா இதை? ஒருநாள்கூடத் திறந்து பார்த்ததில்லை. இடையிடையே திருப்பி எழுதிய இடங்களையும் காட்டினாள், "இது உங்க மெயிலுக்கு அப்புறம் மாத்தினது, அப்படியும் இழுக்குதுன்னுதான் நினைக்கிறேன், எனக்குப் பிடிபடல சார்" என்று.

போகும்போது சொன்னாள்: "உங்க மேல வருத்தம் எல்லாம் இல்ல சார். வேற யாராவதுன்னா வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிருப்பாங்க. நீங்க அளந்து பாத்துச் சொன்னீங்க. இல்லன்னா என் தப்பு எனக்கே தெரியாமப் போயிருக்கும்."

நன்றி வேறு சொன்னாள்!

எழுந்து கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். அழுதேன். என்ன மனுஷன் நான்? ஒரு டிரைவரை ஏற்றச் சோம்பல்பட்டு ஒரு பெண்ணைத் தன் வேலையையே சந்தேகப்பட வைத்துவிட்டேனே. அவள் இனி எங்கே போய் உட்கார்ந்தாலும், 'என் எழுத்து இழுக்கும்' என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுவாள். வேலை போவதுகூட ரெண்டாம்பட்சம். என்னால் இவளுக்கு இது வந்திருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

காலைக் கூட்டம். எல்லாரும் இருந்தார்கள், சாவிகூட, புரொஜெக்டர் சரிசெய்ய வந்தவர். மேலாளர் தொடங்குவதற்கு முன் என் கணினியைப் பெரிய திரையில் மாட்டினேன். வயர் சரியாகச் சொருகவே இல்லை. சாவி வாங்கிச் சொருகினார்.

கோப்பைத் திறந்தேன். திரை முழுக்கக் கடல். பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்த நூலைக் காட்டினேன். "இதுதான் பதிவு" என்றேன். "இவங்க எழுதினது. இதுல ஒரு குறையும் இல்ல. இழுத்தது என் கடல். போன வாரம் நான் யாருக்கும் சொல்லாம அதைத் திருத்தினேன், பேரு பதிவை எடுத்ததுக்குப் போச்சு. இதோ பதிவைத் திரும்பச் சேத்து ஓட்டினது, பாருங்க, ஒழுங்கா ஓடுது."

மேலாளர், "டூல் வெச்சு அளந்ததா சொன்னீங்களே?" என்றார்.

"அன்னிக்கு என் மெஷின்ல டூலே இல்ல. நான் அளக்கல. அளந்து விட்டேன்."

பின்னால் யாரோ 'க்ளுக்' என்று சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள்.

அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அப்ப நான் சனிக்கிழமை எல்லாம் வந்து திருப்பி எழுதினது?"

"தேவையே இல்லம்மா. முதல்ல எழுதினதே சரி."

"ம்."

அப்புறம் மெதுவாக, "அன்னிக்கே கேட்டேனே, சார்" என்றாள்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இதற்கு என்ன செய்வது? மன்னிச்சுக்கோ என்று வாய் வரை வந்தது. அந்த இடத்தில் அதைச் சொன்னால் எல்லாரும் "பரவால்ல விடுங்க" என்பார்கள், அவளும் பரவாயில்லை என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

கூட்டத்துக்குப் பிறகு மேலாளர் என்னிடம் பேசவில்லை. எல்லார் முன்னாலும் வைத்துவிட்டேன் என்ற கோபம். இருக்கட்டும். பழைய மெயிலுக்குப் பதிலாக, அதே ஆட்கள் எல்லாருக்கும், இன்னொரு மெயில் போட்டேன். கோப்பையும் இணைத்தேன். பதிவை எழுதிய அவருக்கு மட்டும் தனியாக ஒரு வரி: "என்னை மன்னியுங்கள்." பதில் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

பதிவை எழுதியவரைப் போகச் சொன்னதை ரத்து செய்துவிட்டார்கள். நிரந்தரம். சாவிதான் வந்து காதில் சொன்னார், அதிசயமாக மெதுவாக. அந்தப் பெண் என் வரிசையில் இருந்து எழுந்து ஜன்னல் பக்கம் இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். காலியான மேசையைப் பார்த்துக்கொண்டுதான் மத்தியானம் முழுக்க வேலை.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் முதலில் கிளம்பி நான் வாசலில் நின்றேன், வண்டிச் சாவியோடு. வீட்டம்மா நம்பவில்லை. "காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அலுவலகத்தில் இப்போது புதுப் பேச்சு வழக்கு ஒன்று. யார் எதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும், "டூல் வெச்சா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நான் போனால் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் சிரித்தால் தேவலை.

நிதானம் என்று இனி நான் கூப்பிடுவதில்லை. வேறு யாரும் கூப்பிட்டாலும் எனக்குக் கூசுகிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

துறைமுகத்தில் மூடுபனி வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். நான் எழுதினேன். கூட்டத்தில், "பனி சேர்த்தாச்சு, படம் இழுக்கல, அளந்து பாத்துட்டேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கத்திலிருந்து, தலையைத் தூக்காமல் அவர் கேட்டார்: "கோப்பு?"

இருந்தது. அனுப்பினேன். கூட்டம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். அவர் திறந்து, ஒவ்வொரு பட்டையாகப் பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தார். நான் அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன், பார்த்து முடிக்கட்டும் என்று. உட்காருங்க என்று அவர் சொல்லவில்லை.

"சரியா இருக்கு" என்றார்.

சார் என்று சொல்லவில்லை. என் இடத்துக்கு வந்து அடுத்த வேலையை எடுத்தேன்.